கண்டெடுத்த நிலை

எல்லோரும் முதலில் கேட்பது கடிகாரத்தைத்தான். பழைய போர் விமானம் ஒன்று எங்காவது அகப்பட்டது என்று செய்தி வந்தால் போதும், பட்டறைக்கு வருகிறவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு, "எத்தனை மணிக்கு நின்னுருக்கு?" என்பார்கள். விழுந்த கணத்தில் கடிகாரமும் செத்துப் போயிருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் பார்த்த விமானங்களில் பாதிக்கு மேல் கடிகாரமே இருந்ததில்லை. அந்தக் காலத்திலேயே, விமானம் தரையில் நிற்கும்போதே, யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பைலட் உட்காரும் அறையில் இருந்த அத்தனை சாமான்களில் வீட்டுக்குக் கொண்டுபோனால் உதவக்கூடியது அது ஒன்றுதானே.

மற்ற சாமான்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவற்றை அடையாளம் காண்பதுதான் என் வேலை.

அருங்காட்சியகத்தின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மூன்று தண்ணீர்த் தொட்டிகள், இரண்டு மேஜைகள், பூட்டிய ஒரு இரும்பு அலமாரி. மண்ணுக்கடியிலிருந்து சேறு அப்பிய கட்டிகளாக வரும் சாமான்களைக் காற்றில் வைத்தால் காய்ந்து விரிசல் விட்டுவிடும். அதனால் தொட்டியில் போட்டு வைப்போம். அலமாரியில் இருப்பவை இருட்டில் ஒளிர்வதற்காக முட்களுக்கு விஷப் பெயின்ட் பூசிய, வேகமும் உயரமும் காட்டும் மானிகள். ஒளி எப்போதோ அவிந்துவிட்டது. விஷம் மட்டும் இன்னும் பல நூறு வருஷத்துக்கு இருக்கும் என்கிறார்கள்.

ஒவ்வொரு கட்டிக்கும் முதலில் போட்டோ, பிறகு எண், பிறகு கழுவுதல். கடைசியில் படிவம். அதில் மூன்று கட்டங்கள்: பொருள், எடுத்த இடம், கண்டெடுத்த நிலை. மூன்றாவது கட்டத்தில் நான் பெரும்பாலும் 'துரு' என்றோ 'உடைசல்' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

சேற்றுக் கட்டியைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விரலுக்குத்தான் தெரியும். வட்டமான விளிம்பில் துளைகள் தட்டுப்பட்டால் அது முன்பலகையில் இருந்த ஏதோ ஒரு மானி. குண்டான கிண்ணமாக இருந்து, அசைத்தால் உள்ளே ஏதோ தளும்பினால் திசைகாட்டி. பல் வைத்த சின்னச் சக்கரம் என்றால் வாலைச் சரிசெய்யப் பைலட் இடது கையால் உருட்டியது. ஒருமுறை, எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் பிடி வந்தது. அதன் பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்று கட்டியிருப்பார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் பைலட் கம்பியை அறுத்துக்கொண்டு பிடியைக் கடைசிவரை தள்ளலாம். கம்பி அறுந்திருந்தது. அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.

நான் யாரோடும் பேசாத நாட்கள்தான் அதிகம் என்பது மச்சானின் புகார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முன்பு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நான் அடையாளம் சொன்னதை எதிர் மேஜையில் உட்கார்ந்து சுத்தம் செய்வார்.

"மாப்ளே, உன் வாயிலயும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடட்டுமா? துரு ஏறிக் கெடக்குது" என்பார்.

நான் சிரிப்பேன். அதையும் சத்தமில்லாமல்தான் சிரிப்பேன்.

நான் சொல்ல வந்த விமானம் ஒரு ஏரியில் மதகு ரிப்பேருக்காகத் தண்ணீரை வடித்தபோது அகப்பட்டது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சண்டை விமானம். பல வருஷத்துக்கு முன் ஏரி வற்றிய ஒரு கோடையில் இறக்கைகள் வெளியே தெரிந்திருக்கின்றன. இரும்பு வியாபாரிகள் அவற்றை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இறக்கைக்குள் இருந்த துப்பாக்கிகளும் தோட்டாப் பெட்டிகளும் அதோடு போயின. எங்களுக்கு வந்தது நடுப்பகுதி மட்டும். பைலட்டின் அறையும் அதன் அடியில் ஒரு பூட்ஸின் குதிகாலும்.

முப்பத்தொன்றாம் எண் கட்டியை நான் தொட்டியிலிருந்து எடுத்தது ஒரு திங்கட்கிழமை. வெளியே மழை. மச்சான் எதிர் மேஜையில் ஏதோ ஒரு மானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டியில் வளைந்த குழாய் ஒன்று தெரிந்தது, மண்வெட்டிப் பிடியின் தலை மாதிரி. கட்டைவிரல் தானாகச் சேற்றுக்குள் போயிற்று. உள்ளே ஒரு குமிழ். அதைச் சுற்றி ஒரு வளையம். விமானத்தைத் திருப்பப் பைலட் பிடிக்கும் தண்டின் தலையில் இருக்கும் துப்பாக்கிப் பொத்தானா என்று சந்தேகம் வந்தது. அதுவாக இருந்தால் வளையம் திருக வேண்டும். ஒரு பக்கம் திருகினால் பொத்தானை அழுத்தலாம், சுடும். மறுபக்கம் திருகினால் பொத்தான் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் சுடாது.

திருகினேன்.

இந்த மாதிரி வளையங்கள் பத்தில் ஒன்பது அசையாது. துரு பிடித்து ஒரே இரும்பாகியிருக்கும். இது அசைந்தது. ஏரிச் சேறு கிரீஸ் மாதிரி உள்ளே புகுந்து அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. டக் என்று ஒரு சத்தம், சுத்தமான சத்தம். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். திருப்பித் திருகினேன். மறுபடி டக்.

"துப்பாக்கிப் பொத்தான்" என்றேன்.

மச்சான் எழுந்து வந்து பார்த்தார். "அடேங்கப்பா. அறுவது வருஷம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு இன்னும் டக்குங்குது. நம்ம வீட்டு பாத்ரூம் தாழ்ப்பா ஆறு மாசத்துல பல்ல இளிச்சிருச்சு."

படிவத்தில் எழுதினேன். பொருள்: துப்பாக்கிப் பொத்தானுடன் கட்டுப்பாட்டுத் தண்டின் தலைப்பிடி. கண்டெடுத்த நிலை: நல்ல நிலை, வளையம் இயங்குகிறது.

எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை மேலாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். "இவங்க அப்பாதான் அந்த விமானத்த ஓட்டினது. நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தேய்த்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகை நிமிர்த்தி, முன்னால் கண்ணாடி இருப்பதுபோல நேராகப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவராம்.

"அவர் போகும்போது நான் எங்கம்மா வயித்துல அஞ்சு மாசம்" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"ரெண்டு விமானம் ஒண்ணாக் கெளம்பிப் போயிருக்கு. ஒண்ணு எங்கப்பாவோடது. இன்னொண்ணு அவர் கூட்டாளியோடது. அவரும் எங்க தெருதான், நாலு வீடு தள்ளி. அந்த விமானம் வயல்ல விழுந்திருச்சு. போய்ப் பாத்தா முதுகுல பூரா ஓட்டை. பின்னால இருந்து சுட்டிருக்காங்க." நிறுத்தினார். "எதிரி விமானம் எதையும் பாக்கலேன்னு வயல்ல நின்னவங்க சொல்லிட்டாங்க. வானத்துல ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சாம். ஒண்ணு விழுந்துச்சு. இன்னொண்ணு ஏரிப் பக்கமாப் போச்சு, அப்புறம் காணோம்."

"மேகம் இருந்திருக்கலாம்" என்றேன்.

"இருந்திருக்கலாம். ஊருக்கு மேகம் எதுக்கு சார்? எதிரின்னு நெனச்சுக் கூட்டாளியவே சுட்டுட்டான், அவமானம் தாங்காம ஏரில போய் விழுந்துட்டான்னு முடிச்சிட்டாங்க. பள்ளிக்கூடத்துல என் பேரே 'முதுகுல சுட்டவன் மவன்'தான். டிப்போவுல வேற மாதிரி. நான் வண்டிய எடுத்தா முன்னால போற டிரைவர் கத்துவான், 'எப்பா, இவன் பின்னாடி வர்றான்டா, பரம்பரைப் பழக்கம் வந்துறப் போவுது'ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்கலேன்னா அது நெசமாயிடும்ல."

இப்போதும் சிரித்தார். எதிர் மேஜையில் மச்சானின் தூரிகை நின்றுவிட்டது.

"முன்னால ஹால்ல வேற ஒரு விமானம் வச்சிருக்கீங்க. அதுல அந்த ஸ்டிக்கு பக்கத்துல ஒரு அட்டை இருக்கு. வளையம் இந்தப் பக்கம் இருந்தா பூட்டு, அந்தப் பக்கம் இருந்தா சுடலாம்னு. ஏரில எடுத்தாங்கன்னு பேப்பர்ல பாத்ததுலேர்ந்து நாலு தடவை வந்து அந்த அட்டையப் படிச்சிட்டுப் போனேன். யாரு எழுதினது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே புரிஞ்சுது." பிளாஸ்டிக் உறையை மடியில் சரிசெய்துகொண்டார். "எங்கப்பாவோடது எந்தப் பக்கம் இருந்துச்சு சார்? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். பூட்டியிருந்தா அவர் சுடல. அவ்வளவுதான்."

சுட்டுவிட்டு மறுபடி பூட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அறுபது வருஷம் காத்திருந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டு முடித்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கே தெரிந்தது. குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டால் முழங்கைவரை உணர்ச்சி போய்விடும். அப்படி இருந்தது.

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் முடிஞ்சிரும். வாங்க" என்றேன்.

"இவ்வளவு நாள் இருந்தாச்சு. ரெண்டு நாள் பெருசா?" என்று எழுந்து போனார்.

அவர் போனதும் முப்பத்தொன்றாம் எண்ணை எடுத்துப் பார்த்தேன். வளையம் பூட்டும் பக்கம் இருந்தது. ஆனால் அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய அப்பாவின் விரலா, என்னுடையதா? திங்கட்கிழமை இரண்டு தடவை திருகியிருந்தால், போன வளையம் வந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறது. அப்படியானால் அது ஏரிக்கடியிலும் பூட்டியேதான் கிடந்தது. மூன்று தடவை திருகியிருந்தால், சுடும் பக்கத்திலிருந்து நான்தான் அதை மாற்றிவிட்டேன். முதல் டக் நினைவிருந்தது. இரண்டாவதும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்று இருந்ததா? போட்டோவை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் இருந்தது வெறும் சேறு.

"மச்சான், அன்னிக்கு எத்தனை டக் கேட்டுச்சு?"

அவர் தலையைத் தூக்கினார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ரெண்டு."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் இருவது வருஷம் வாட்ச் பாத்தவன். ஒரு டிக்கு கூடக் கொறஞ்சா என் காது சொல்லும். ரெண்டு."

"அந்த ஆள் வந்து போனதுக்கு முன்னாடி கேட்டிருந்தா?"

"அப்பவும் ரெண்டுதான்." தூரிகையை வைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "இங்க பாரு மாப்ளே. மூணுன்னே வச்சுக்க. அந்த மனுஷன் அறுவது வயசுல வந்து கேக்குறான். பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்த எழுது. யாரு குடி கெட்டுப் போச்சு? செத்தவன் ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்து மறுத்துப் பேசப் போறாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"இதான் உங்கிட்ட. கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம்" என்று திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழக்கப்பட்ட விரல் எப்போதும் ஒரே மாதிரிதானே வேலை செய்யும்? தெரியாமல் ஒரு வளையம் தட்டுப்பட்டால் என் கட்டைவிரல் வழக்கமாக எத்தனை தடவை திருகும்? அலமாரியில் வேறொரு விமானத்தின் தலைப்பிடி இருந்தது. மச்சானிடம் சொன்னேன்: அதைச் சேற்றில் பொதிந்து, மற்றக் கட்டிகளோடு எந்தத் தொட்டியிலாவது போட்டுவிட வேண்டும். எது என்று எனக்குத் தெரியக்கூடாது. நான் என் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே போவேன். அது கைக்கு வரும்போது அவர் எண்ண வேண்டும்.

"இந்த வயசுல நமக்குக் கண்ணாமூச்சி ஆட்டம் தேவையா?" என்றார். "சரி, ஆடுறேன்." முனகிக்கொண்டே செய்தார். நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்தபோது அவர் கையெல்லாம் சேறு.

முதல் கட்டி ஏதோ ஒரு பம்பின் கைப்பிடி. இரண்டாவது வெறும் கல். மூன்றாவதில் வளைந்த குழாய். தொட்டதுமே தெரிந்துவிட்டது. மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது வேறு தெரிந்தது. கட்டைவிரல் சேற்றுக்குள் போயிற்று, வளையத்தின் மேல் நின்றது, அங்கேயே நின்றுவிட்டது. திருகு என்றேன். அது திருகவில்லை. முப்பது வருஷமாக எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த விரல் பயந்துபோய், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல."

"சும்மா திருகேன்யா."

"சும்மாத் திருக முடியலையே மச்சான்."

அவர் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துணியை எடுத்து என் கட்டைவிரலைத் துடைத்துவிட்டார். அடிபட்ட பிள்ளைக்குத் துடைப்பது போல.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் காயவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்வது அபூர்வம் என்பதால் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணன் ரெண்டுங்கிறாருல்ல?"

"அன்னிக்குச் சொல்லல. அந்த ஆள் வந்து போனப்புறம்தான் சொல்றாரு."

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாங்க. இப்ப அது பூட்டித்தானே இருக்கு? எடுத்து மேஜை மேல வைங்க. அவர் பாத்துக்கட்டும். நீங்க சும்மா இருந்தாலே போதும். அதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே அது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். ஒரு சட்டையை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவர் எப்படி இருக்காரு?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"யாரு?"

"அந்த டிரைவரு."

"சட்டைய நல்லாத் தேச்சிருந்தாரு" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அது போதும்போலத் தலையாட்டினாள்.

நான் ஜன்னலருகே உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் ஒரு வீடு மாதிரி. சண்டை வந்தால் அதற்குள் போய்விடுவேன், துக்கம் வந்தாலும் அதற்குள்தான். யாருக்கும் நான் கெடுதல் சொன்னதில்லை என்று உள்ளூர ஒரு கர்வமும் உண்டு. சொன்னதில்லைதான். இந்தத் தடவை வாயைத் திறக்காமலே ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம். அதுவும் நல்ல பொய். வாசல் தாழ்ப்பாளை யாரோ போட்டார்கள். டக். நான் எண்ணத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமையும் மழை. நான் போவதற்கு முன்பே மச்சான் மேஜையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் நடுவில் தலைப்பிடியை வைத்திருந்தார். வளையத்தில் இருக்கும் சின்ன முனை பூட்டும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டிரைவர் பத்து மணிக்கு வந்தார். குடையை வாசலிலேயே சாத்தி வைத்தார். உட்கார்ந்தார். துணியின் மேலிருந்ததைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இதுவா?"

"ஆமா."

"இந்த முனை நிக்குற பக்கம்..." அட்டையில் படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. "பூட்டுதானே?"

"பூட்டுதான் சார்" என்றார் மச்சான் பின்னாலிருந்து. "நல்லாப் பாருங்க. பூட்டித்தான் இருக்கு."

டிரைவரின் தோள்கள் இறங்கின. முதுகு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தது. அழவில்லை. வாயை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார், பளுவை இறக்கி வைத்தவர்கள் மூச்சு வாங்குவதற்காகத் திறப்பதுபோல. தகரத்தின் மேல் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்னும் கொஞ்சம் அப்படியே இருந்திருந்தால் அவர் எழுந்து, கும்பிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

"இப்ப பூட்டு" என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. "எடுத்தப்போ எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் திருப்பிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். சேறு, விரல், டக். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் வெளி ஆளிடம் பேசியதே இல்லை.

"எத்தனை தடவை திருப்பினீங்க?"

"ரெண்டு. இல்லேன்னா மூணு."

"ரெண்டுன்னா?"

"பூட்டியிருந்துச்சு."

"மூணுன்னா?"

நான் துணியின் ஓரத்தை நேராக்கினேன். அவரே தலையாட்டிக்கொண்டார்.

"சார், நான் இங்கதான் இருந்தேன்" என்று மச்சான் முன்னால் வந்தார். "என் காதால கேட்டேன். ரெண்டு டக்குதான். எங்க மாப்ளைக்கு எப்பவும் தன் மேலயே சந்தேகம்."

டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க நல்லவரு" என்றார். மச்சானின் முகம் வாடிவிட்டது.

பிறகு என்னிடம், "ரெண்டுன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"நான் கேட்டேனா, நீங்க தொட்டீங்களான்னு? இப்ப சொன்னதுல உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. எறக்கி எங்க வச்சீங்க, பாத்தீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற பயணிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் அதையும் அவர்தான் சுமக்க வேண்டும் என்று தோன்றியது.

"தொடலாமா?" என்று கேட்டார்.

"தொடுங்க."

தலைப்பிடியை எடுத்தார். முப்பத்தைந்து வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. அது எப்படிப் பிடிக்கப்பட வேண்டுமோ அப்படியே பிடித்தது. அப்பாவின் கை பட்ட இடத்தைத் தேடுவதுபோல உள்ளங்கையை நகர்த்தினார். கட்டைவிரல் பொத்தானை நோக்கிப் போயிற்று. வளையத்தின் மேல் படிந்தது.

டக்.

திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணல சார். தானா..."

"தெரியும்."

தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இவ்வளவு லேசாவா இருக்கும்?"

"லேசாத்தான் இருக்கும்."

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சிருந்தேன்" என்றார். "சின்ன வயசுலேர்ந்து."

அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. எனக்கு மௌனங்கள் பழக்கம். எது எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இது எந்த வகையிலும் சேரவில்லை. கடைசியில் அவர் தலைப்பிடியைத் துணியின் மேல், எடுத்த இடத்திலேயே, மெதுவாக வைத்தார். பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டார். அதற்குள் என்ன இருந்தது என்று இரண்டு தடவையும் அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் குடையை விரித்தார். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை.

மச்சான் துணியின் பக்கம் போகவே இல்லை. வளையம் இப்போது சுடும் பக்கம் நின்றது. அதைத் திருப்பி வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

படிவத்தை எடுத்தேன். 'நல்ல நிலை, வளையம் இயங்குகிறது' என்பதை அடித்தேன். அதன் கீழே, 'தெரியவில்லை. பதிவு செய்வதற்கு முன் வளையம் திருப்பப்பட்டது' என்று எழுதினேன்.

மச்சான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "அதோட விடு மாப்ளே. திருப்பப்பட்டது. போதும். யாருன்னு எவன் கேக்கப் போறான்?"

கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன். மச்சான் தன் மேஜைக்குப் போய், அணைந்துபோன ஏதோ ஒரு மானியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

தொட்டியில் முப்பத்திரண்டாம் எண் கிடந்தது. போட்டோ எடுத்தாயிற்று, எண்ணும் கட்டியாயிற்று. கையைத் தண்ணீருக்குள் விட்டேன். குளிர்ந்திருந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற நான்கு விரல்களால் கட்டியைத் தூக்கினேன்.